ஏ.ஓ. கொரல்ல ஒரு போன்

என்ன சார், ஏறுனதுலேருந்து அந்தப் போனக் குத்திக்கிட்டே இருக்கீங்க? தொறக்க மாட்டேங்குதா? காட்டுங்க. சிக்னல் மூணு கோடு இருக்கே. அப்ப லைன் மேல குத்தமில்ல சார். பேரச் சொன்னா நம்பர எடுத்துக் குடுக்குறதுக்கு உள்ள ஒருத்தன் இருப்பான், அவன் தூங்குறான். சிரிக்காதீங்க, நான் எட்டாவது பெயிலு. ஆனா இந்த ஒரு விஷயத்துல நான் பட்ட பாட்ட இன்ஜினியருக்குப் படிச்சவன்கூடப் பட்டிருக்க மாட்டான். இன்னியோட பன்னெண்டு நாளு சஸ்பென்சன், இதாலதான்.

சொல்றேன். மில்லு ஸ்டாப்பு வர இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. நீங்க கும்மோணம் போறீங்க, எங்க தப்பிச்சுப் போவப் போறீங்க?

சர்க்கரை மில்லு சார். பேரு வேணாம், சோறு போடுற எடம். அதுல நான் டெலிபோன் போர்டு ஆபரேட்டரு. வெளியேருந்து போன் வந்தா எடுத்து, யாரு வேணும்னு கேட்டு, அந்த ரூமுக்குத் தட்டி விடுறது. இருவத்திரெண்டு வருஷமா இதான். வைத்திலிங்கம்னு கேட்டா மில்லுல எவனுக்கும் தெரியாது. போர்டு வைத்தின்னு கேக்கணும்.

நாள் பூரா அடுத்தவன் கொரலு காதுல விழுந்தா என்னாவும்? நம்ம தொண்டையில வந்து ஒட்டிக்கும். கரும்பு ஆபீசரு மூக்கால பேசுவாரு, வரும். எம்.டி. வார்த்தைக்கு வார்த்தை தூங்கி எந்திரிப்பாரு, வரும். அதுலயும் எங்க ஏ.ஓ. இருக்காரே, சுந்தரவதனம் சாரு, ஆபீசு நிர்வாகம் மொத்தமும் அவரு கையில. அவரு மாதிரி நான் பேசுனா எனக்கே பயமா இருக்கும். 'க்ரும்ம்ம்... வாட் ஐ சே... நான் சொல்றது புரியுதா, புரியலையா?' பாத்தீங்களா, முன் சீட்டு அம்மா தூக்கிப் போட்டு எந்திரிச்சிருச்சு. ஒண்ணுமில்லம்மா, நீங்க தூங்குங்க.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போர்டு ரூமுல நிக்க எடமிருக்காது சார். 'வைத்தி, எம்.டி. பேசு', 'வைத்தி, ஏ.ஓ. பேசு'. கேண்டீன் பாக்கியம் பஜ்ஜிய மொதல்ல எனக்குத்தான் எடுத்துட்டு வரும். லாரி ஆபீசு காத்தமுத்து இருக்கானே, அவன் என் பக்கத்துலதான் ஸ்டூல் போட்டு ஒக்காருவான், பதினஞ்சு வருஷமா.

கார்த்திகையில கரும்பு அரவை ஆரம்பிச்ச வாரம் ஒரு பொண்ணு வந்துச்சு. மங்கையர்க்கரசின்னு பேரு. எல்லாரும் அரசி, அரசி. கம்ப்யூட்டரு சர்வரு பாக்குறதுக்கு ஆறு மாச காண்ட்ராக்டு. இத்துணூண்டு இருக்கும், முதுகுல ஒரு பை, அந்தப் பைக்குள்ள இது போயிரும். எனக்குப் பொறாமைன்னு நெனச்சிராதீங்க. எனக்கு எதுக்குப் பொறாமை? நான் பெர்மனெண்டு.

ஆனா ஒண்ணு கேக்குறேன், நீங்களே நாயம் சொல்லுங்க. வந்து ஒரு மாசம் ஆவல. பாக்கியம் பஜ்ஜித் தட்ட எடுத்துக்கிட்டு எங்க போவுது? சர்வர் ரூமுக்கு. 'ஏம்மா பாக்கியம், வழி மாறிப் போறியே'ன்னு கேட்டா, 'அந்தப் புள்ள காலையில சாப்பிடாம வருதுண்ணே'ங்குது. நான் மட்டும் பொங்கல் தின்னுட்டு வர்றனா? சரி, நானும் தின்னுட்டுத்தான் வர்றேன், அது வேற கதை. காத்தமுத்து ஸ்டூலத் தூக்கிட்டுப் போயி சர்வர் ரூமுல போட்டுட்டான் சார். கேட்டா, 'அங்க ஏசி இருக்கு மாப்ள'ங்குறான். பதினஞ்சு வருஷ சிநேகிதம், ஒரு ஏசிக்குப் போச்சு.

எங்க போர்டுல ரொம்ப நாளா ஒரு கரகர சத்தம் உண்டு. எவனுக்கும் சரி பண்ணத் தெரியல. இந்தப் பொண்ணு ஒருநா வந்துச்சு, பின்னாடி ஒரு ஒயரப் புடுங்கி மாத்திக் குத்துச்சு, சத்தம் போச்சு. 'ஏம்மா உன்னைக் கேட்டனா?'ன்னேன். 'பரவால்லண்ணே'ன்னுச்சு. பரவால்லையாம்!

வீட்டுல போயி பொலம்புனேன். எம்பொண்டாட்டி என்ன சொல்லணும்? 'ஐயோ பாவம், உங்களுக்கா இந்த நெலம'ன்னு சொல்லணும்ல? 'ஊரு விட்டு ஊரு வந்து தங்கியிருக்கு, ஒருநாளைக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க'ங்குறா. வீடு வரைக்கும் வந்துட்டா சார், வராமலே.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன். ஒருநா சாப்பாட்டு நேரத்துல காத்தமுத்து அவளக் கேட்டான். 'அரசி, அந்தப் பொட்டி நாள் பூரா முணுமுணுன்னு என்னதாம்மா செய்யுது?' அது என்னைக் கையக் காமிச்சு சொல்லுச்சு: 'நம்ம வைத்தியண்ணன் செய்யிற வேலதான். நீங்க கம்ப்யூட்டர்ல ஒரு பேரு அடிக்கிறீங்க. எடைமேடை, ஸ்டோருன்னு நம்ம மில்லுக்குள்ள இருக்குற பேருன்னா, அதுக்கே நம்பர் தெரியும், உடனே சேத்து விட்ரும். வெளிப் பேருன்னா அதுக்குத் தெரியாது. அதுக்குன்னு வெளிய ஒரு பெரிய சர்வரு இருக்கு. அதோட நம்பர் இங்க எழுதி வச்சிருக்கோம். அதக் கேட்டு வாங்கித் தரும். ஒருவாட்டி கேட்டத கொஞ்ச நேரத்துக்கு ஞாபகமும் வச்சுக்கும்.'

காத்தமுத்து கையத் தட்டுனான். 'அப்ப வைத்தி மாதிரியே ஒரு பொட்டி! ஆனா பஜ்ஜி கேக்காது, லீவு கேக்காது!'

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு வந்து போர்டு முன்னாடி ஒக்காந்தேன் பாருங்க, காதெல்லாம் கொதிக்குது. ஒரு பொட்டி, என்னை மாதிரியாம்.

அதுக்கப்புறம் அந்த வெள்ளிக்கெழம. மத்தியானம் மூணு மணி. ஏ.ஓ. கரும்புக் காடு பாக்கப் போயிட்டாரு. நான் சும்மா இருந்தேன். நான் சும்மா இருக்கக் கூடாது சார். அவரு ரூமுலேருந்து போற போனெல்லாம் போர்டு வழியாத்தான் போவும், அந்தப் பக்கம் எடுக்குற ஆளுக்கு நம்பரு கிம்பரு எதுவும் தெரியாது. சர்வர் ரூமுக்கு அடிச்சேன்.

'க்ரும்ம்ம்... யாரது, மங்கையர்க்கரசியா?'

'ஆமா சார், வணக்கம் சார்.' எந்திரிச்சு நிக்கிற சத்தம் கேக்குது சார் எனக்கு.

'வாட் ஐ சே... நம்ம சர்வரு வெளியாளுகிட்டப் போயி ஏதோ கேக்குதாமே?'

'ஆமா சார், வெளிப் பேருக்கு நம்பர்...'

'மில்லு விஷயம் வெளிய எதுக்கும்மா போவணும்? நாம என்ன தேடுறோம், எங்க போறோம், எல்லாம் அவனுக்குத் தெரிஞ்சுருமே! பின்னாடி ஸ்பிரிட்டு காச்சுற டிஸ்டிலரியில நம்மளுதே ஒரு சர்வரு இருக்குல்ல? அதக் கேக்கச் சொல்லு. வெளி நம்பர அழிச்சிரு.'

'சார், அது வந்து...'

'நான் சொல்றது புரியுதா, புரியலையா?'

'புரியுது சார். செஞ்சிடுறேன் சார்.'

போன வச்சுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சேன். சும்மா ஒரு வெளாட்டு சார். அது ஓடியாந்து ஏ.ஓ. ரூமுல நிக்கும், அங்க ஆளு இருக்காது, எங்கிட்ட வந்து கேக்கும், நான் அதே கொரல்ல 'என்னம்மா'ம்பேன், எல்லாரும் மறுபடி இந்தப் பக்கம் வருவாங்க. அவ்வளவுதான் என் திட்டம். அது அப்படியே செஞ்சு வச்சிரும்னு எனக்கென்ன தெரியும்?

ஏன் செஞ்சுச்சுங்குறீங்களா? எங்க ஏ.ஓ.வ உங்களுக்குத் தெரியாது. வெளிக் கம்பெனிக்காரன் குடுத்த காலண்டர மாட்டக் கூடாதும்பாரு. கம்ப்யூட்டருக்கு மேல இருக்குற கேமராவுல எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்ன மனுஷன். எல்லா உத்தரவும் போன்லதான். திருப்பி ஒரு கேள்வி கேட்டா போச்சு, மெமோ. ஆறு மாச காண்ட்ராக்டு என்ன செய்யும்?

சனிக்கெழம ஒண்ணுமே ஆவல சார். எல்லாம் ஓடுச்சு. அது செய்யலன்னு நெனச்சு நானே மறந்துட்டேன்.

திங்கக்கெழம காலையில காத்தமுத்து போன் அடிக்கிறான், கொரலு கீச்சுன்னு இருக்கு. 'மாப்ள, ஈ-வே பில்லு போட முடியல, அரசிக்குப் போடு!' சர்க்கரை லாரி கேட்டத் தாண்டணும்னா கவர்மெண்டு சைட்டுல அந்தப் பில்லு போட்டுத்தான் சார் தாண்டணும். அது தொறக்கல. பேங்கு தொறக்கல. மெயிலு வரல. ஆனா எடைமேடை ஓடுது, ஸ்டோரு ஓடுது, வருகைப் பதிவு ஓடுது. மில்லுக்குள்ள எல்லாம் நல்லாருக்கு, வெளி உலகம் மட்டும் செத்துப் போச்சு. பத்து மணிக்குப் பதினோரு லாரி. பன்னெண்டு மணிக்கு முப்பத்தி நாலு. டிரைவருங்க ஆரன் அடிக்கிறான் பாருங்க, போர்டு ரூமு கண்ணாடி அதிருது.

அந்தப் பொண்ணு பாவம்... பாவமெல்லாம் இல்ல, அது வேலதான? ஓடுது, வருது. ஒயரப் பாக்குது. லைன் கம்பெனிக்குப் போடச் சொல்லுச்சு, போட்டேன். அவன், 'எங்க பக்கம் எல்லாம் ஓகே மேடம்'னான். ஏ.ஓ. அதக் கூப்பிட்டாரு. நான் போன வைக்கல சார். கேட்டுக்கிட்டிருந்தேன். உத்தியோகத்துல அது ஒரு சின்ன சௌகரியம்.

'க்ரும்ம்ம், என்னம்மா நடக்குது?'

'பாத்துக்கிட்டிருக்கேன் சார். சார்... நீங்க வெள்ளிக்கெழம வெளி நம்பர அழிக்கச் சொன்னீங்களே, சனிக்கெழம நல்லாதான் ஓடுச்சு, அதனால அதுவா இருக்காதுன்னு...'

'நானா? வெள்ளிக்கெழமையா? நான் கரும்புக் காட்டுல நின்னேன்! ஒன் தப்ப எந்தலையில கட்டுறியா? சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள லாரி வெளிய போவணும். போவல, நாளைலேருந்து நீ வர வேணாம். புரியுதா, புரியலையா?'

சத்தியமாச் சொல்றேன், மொத நிமிஷம் எனக்கு உள்ளுக்குள்ள இனிச்சுச்சு. பையத் தூக்கிட்டுப் போவா, ஸ்டூலு திரும்பி வரும், பஜ்ஜி திரும்பி வரும். ரெண்டாவது நிமிஷம் அந்த இனிப்பு கசந்துச்சு. காலையில தின்ன பொங்கலு மெளகுன்னு நெனச்சுக்கிட்டேன்.

ரெண்டரை மணிக்கு வருது சார் எங்கிட்ட. கண்ணு செவந்து கெடக்கு, கையில ஒரு நோட்டு. 'அண்ணே, கண்டுபுடிச்சிட்டேன்'ங்குது. மில்லுல அத்தன பேரு இருக்க எங்கிட்ட வந்து சொல்லுது. எனக்குக் கொஞ்சம் பெருமையாப் போச்சு.

'பேர அடிச்சா தொறக்கல அண்ணே. அதோட நம்பர அடிச்சா பதிலு வருது! அப்ப ரோடு நல்லாருக்கு, வழி சொல்ற ஆளுதான் சரியில்ல. டிஸ்டிலரிக்கு ஓடிப் போயி அந்த சர்வரத் தொறந்து பாத்தேன். அது வெளிப் பேருக்கெல்லாம் நம்மளக் கேக்குது! நம்ம சர்வரு அதக் கேக்குது. சனிக்கெழம ஓடுனது பழைய ஞாபகத்துல. ஞாபகம் தீர்ந்துச்சு, நின்னுபோச்சு.'

எனக்கு அப்படியே கண்ணுல தெரிஞ்சிருச்சு சார், ரெண்டு ஆபரேட்டரு. வாய் சும்மா இருக்குமா? ஆரம்பிச்சிட்டேன். 'அலோ டிஸ்டிலரியா? பேங்கு நம்பர் என்னங்க?' 'தெரியலையே, மில்லக் கேளுங்க.' 'மில்லுதாங்க பேசுறேன்.' 'அப்படியா, உங்களத்தான் கேக்கலாம்னு இருந்தேன், பேங்கு நம்பர் என்னங்க?' 'தெரியலையே, டிஸ்டிலரியக் கேளுங்க.'

அந்தப் பொண்ணு அழுத கண்ணோட சிரிக்குது. நல்லா சிரிக்கும் சார் அது, மூக்கு சுருங்கும். அதப் பாத்ததும் எனக்கு இன்னும் வேகம் வந்துருச்சு. விடுவனா? 'பின்ன என்னம்மா செய்யிறது? மில்லு விஷயம் வெளிய எதுக்குப் போவணும்? நாம என்ன தேடுறோம், எங்க போறோம், எல்லாம் அவனுக்குத் தெரிஞ்சுருமே!'

சிரிப்பு நின்னுபோச்சு.

அந்த வார்த்தையக் கேட்டது உலகத்துலயே ரெண்டு பேருதான் சார். பேசுனவன் ஒண்ணு, அது ஒண்ணு. என் மூஞ்சியவே பாத்துச்சு. ஆரன் சத்தம் கேக்குது. நான் போர்டப் பாத்தேன், ஒரு லைட்டுகூட எரியல, எரிஞ்சா எடுத்துப் பேசலாம். திட்டும்னு பாத்தேன். அழும்னு பாத்தேன். 'நேரமாச்சுண்ணே'ன்னுட்டு நோட்ட மூடிட்டுப் போயிருச்சு.

மூணேகாலுக்கு வெளி நம்பர மறுபடி எழுதிப் போட்டுச்சு, எல்லாம் தொறந்துருச்சு. நாலரைக்கு கேட்டுல ஒரு லாரி இல்ல.

அஞ்சு மணிக்கு ஏ.ஓ. போன்ல கூப்பிட்டாரு அத. நான் இந்தப் பக்கம் கேட்டுக்கிட்டிருக்கேன். இப்பச் சொல்லப் போவுது, வைத்தி கதை முடிஞ்சுது.

'என்னதாம்மா ஆச்சு?'

'என் தப்புதான் சார். நான் யாரோ சொன்னதத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு மாத்திட்டேன். சரிபாத்திருக்கணும். இனிமே எந்த மாத்தமும் எழுத்துல வாங்காமச் செய்ய மாட்டேன் சார்.'

அந்தாளு செருமாமலே சொல்றாரு சார், 'இந்த மில்லுல முப்பது வருஷமா இருக்கேன். என் தப்புன்னு ஒருத்தன் சொல்லி இன்னிக்குத்தாம்மா கேக்குறேன்.'

மறுநாள் மில்லு பூரா இதே பேச்சு. 'அரசி மாதிரி நேர்மை யாருக்கு வரும்?' பாக்கியம் கண்ணத் தொடச்சுக்குது. காத்தமுத்து, 'ஒத்துக்குறதுக்கு ஒரு தைரியம் வேணும் மாப்ள, நமக்கெல்லாம் வராது'ன்னு எங்கிட்டயே சொல்றான். வியாழக்கெழம ஏ.ஓ. எம்.டி.கிட்டப் பேசுறாரு, அந்தப் பொண்ண பெர்மனெண்டு ஆக்கணும்னு.

தாங்குமா சார்? நீங்களே சொல்லுங்க. தப்பு யாருது? என்னுது! யோசிச்சது நானு, பேசுனது நானு, முப்பத்தி நாலு லாரிய நிறுத்துனது நானு. அந்தப் பொட்டிக்கு எங்க குத்துனா வலிக்கும்னு எட்டாவது பெயிலு ஒருத்தன் கண்டுபுடிச்சிருக்கேன். அதையும் இவ தம்பேருல எழுதிக்கிட்டா! பஜ்ஜிய எடுத்தா, ஸ்டூல எடுத்தா, என் தப்பையுமா எடுப்பா? மனுஷனுக்குன்னு ஒண்ண மிச்சம் வைக்க வேணாமா?

வெள்ளிக்கெழம காலையில நேரா ஏ.ஓ. ரூமுக்குப் போயிட்டேன். 'சார், அது அந்தப் பொண்ணு தப்பில்ல. நான்தான் உங்க கொரல்ல போன் பண்ணேன்.'

அவரு கண்ணாடியக் கழட்டுனாரு. எந்திரிச்சு வந்து என் தோள்ல கை போட்டாரு சார். 'வைத்தி, உனக்குப் பெரிய மனசுய்யா. ஒரு சின்னப் பொண்ணு பேரு கெட்றக் கூடாதுன்னு பழிய உந்தலையில போட்டுக்குற. எல்லாம் அந்தப் பொண்ணப் பாத்து வந்த நல்ல புத்தி.'

அந்தப் பொண்ணப் பாத்து வந்ததாம்! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கால அகட்டி நின்னேன். 'க்ரும்ம்ம்... யாரது, மங்கையர்க்கரசியா? வாட் ஐ சே...' ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும், ஒரு வார்த்தை விடாம, அவரு மூஞ்சிக்கு நேரா. வெளிய டைப்பிங் செக்சன்ல எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்களாம், உள்ள ரெண்டு ஏ.ஓ. இருக்காருன்னு.

அவரு கைய எடுத்துட்டாரு தோள்லேருந்து. போயி ஒக்காந்து தண்ணி குடிச்சாரு. மெதுவா, வேற யாரோ மாதிரிக் கொரல்ல, 'வெளிய இரு'ன்னாரு. அரை மணி நேரத்துல ஆர்டரு.

நோட்டீசு போர்டுல ஒட்டுனாங்க. தமிழ்ல ஒண்ணு, இங்கிலீசுல ஒண்ணு. கூட்டம் கூடிப் படிச்சுச்சு சார். அதுல என் பேரு மட்டும்தான். அரசி பேரு ஒரு எடத்துலகூட இல்ல. நான் நல்லா நின்னு பாத்துட்டுத்தான் வெளிய வந்தேன்.

அப்புறம் பன்னெண்டு நாளு. வீட்டுல மூணு சேனலு செய்தி வாசிக்கிறவனுங்க கொரலும் புடிச்சிட்டேன், கேக்கத்தான் ஆளில்ல. முந்தாநாளு காத்தமுத்து வந்தான். அரசி தெனம் போயி ஏ.ஓ. ரூமு வாசல்ல நிக்குதாம் எனக்காக. கடைசியில அவரு எறங்கி வந்துட்டாராம், இனிமே மில்லுக்குள்ள யாரு கொரல்லயும் பேச மாட்டேன்னு எழுதிக் கையெழுத்து போட்டா உள்ள வரலாம்னு. 'போர்டுல இப்ப யாருடா?'ன்னேன். அவன் செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டான்.

நேத்து சாயங்காலம் பெட்டிக்கடையிலேருந்து மில்லுக்கு ஒரு போன் போட்டேன். சும்மா, யாரு எடுக்குறான்னு பாக்க. ஒரே மணியில எடுத்துட்டாங்க. பேசுறது யாரு தெரியுமா? நான்! என் கொரலு சார்! 'அலோ, மில்லுதான், சொல்லுங்க, யாரு வேணும், எதுக்கு வேணும்?' நான் கேக்குற மாதிரியே, கடைசியில அந்தச் சின்ன நக்கலோட. பின்னாடி காத்தமுத்து சிரிக்கிறது கேக்குது, பஜ்ஜித் தட்டுச் சத்தம் கேக்குது. எனக்கு எந்தக் கொரல்ல பேசுறதுன்னே தெரியல சார். மூச்சுதான் வருது.

அப்புறம் அரசி தன்னோட சொந்தக் கொரல்ல, மெதுவா, 'வைத்தியண்ணனா?'ன்னுச்சு. 'அண்ணே, நாளைக்கு வந்துருங்கண்ணே. இந்த போர்டு என்னால முடியல. நூத்தி நாப்பது ரூமுல நூத்திப் பத்துதான் மனசுல நிக்குது, மிச்சத்துக்குப் பேப்பரப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.'

நீங்க தலையாட்டுறீங்க, நல்ல பொண்ணுன்னு. சார், வெவரம் புரியாமப் பேசாதீங்க. நூத்திப் பத்து சார்! பன்னெண்டே நாள்ல! எனக்கு அத மனப்பாடம் பண்ண ஒன்றரை வருஷம் ஆச்சு! இன்னும் முப்பதுதான் பாக்கி. நேத்து ராத்திரியே இன்னொரு அஞ்சு ஏத்தியிருப்பா.

கண்டக்டரே! மில்லு ஸ்டாப்பு இன்னும் எவ்வளவு தூரங்க? கொஞ்சம் வெரசாப் போகச் சொல்லுங்க அந்த டிரைவர!